பூனை வூட்ல அம்மி இல்ல

வாடா மருமவனே, குந்து. செருப்போடயே வா, பரவாயில்ல. என் திண்ணை ஒன் டைல்ஸ் தரை மாதிரி ரோஷக்காரி இல்ல. மண்ணு பட்டாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்க மாட்டா.

பூனை பால் குடிச்சுதா? குடிச்சிருக்கும். அதுங்களுக்கு ஏழு உசுருன்னு ஊர்ல சொல்றாங்க. நேத்தோட ஆறு போச்சு, மீதி ஒண்ணை நீ பத்திரமா வச்சுக்க.

நேத்து பொழுது சாயற நேரம் நான் பனமலை ஏரிக்கரை மேல ஆட்டை ஓட்டிக்கினு வர்றேன். ஒன் பொண்டாட்டி முந்தானையில எதையோ சுத்திக்கினு ஓடியாறா. வயித்துப் புள்ளக்காரி இப்படி ஓடலாமான்னு அதட்ட வாயத் தொறந்தேன். முந்தானைய வெலக்கிக் காட்டுச்சு. பூனை. வாயிலேர்ந்து எச்சி நூலு நூலா ஒழுவுது. நாக்கு நுனி வெந்தாப்புல செவந்து கெடக்குது. பின்னங்கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொவளுது. கிட்ட மோந்து பாத்தேன். பூனை நாத்தம் இல்லடா அது, ஆஸ்பத்திரி வராண்டா நாத்தம்.

"வூட்ல இன்னிக்கி இன்னாம்மா விசேஷம்?"னு கேட்டேன். "ஒண்ணுமில்ல பெரியப்பா, அவருதான் கறுப்பு ஃபினாயில அரை பாட்டில் ஊத்தி வூடு முழுக்கத் தொடச்சாரு. கொழந்த வரப்போவுது, கிருமி இருக்கக்கூடாதுன்னாரு."

கிருமிக்கு ஒன் வூட்டு விலாசத்த யாருடா குடுத்தது? பாட்டில் மேல ஒரு பக்கெட் தண்ணிக்கு எவ்ளோன்னு எழுதியிருக்குதே, படிச்சியா? நீ எஞ்சினீரு, சின்ன எழுத்தெல்லாம் படிக்க மாட்ட. ஊத்தினதும் தண்ணி பால் மாதிரி வெளுத்துதா, ஒனக்கு ஆசை வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சாய்ச்சிருப்ப. சாம்பார்ல உப்பை மட்டும் கணக்காப் போடுவ, சாமர்த்தியசாலி.

பூனைக்கு பக்கெட்டும் தெரியாது, பாட்டிலும் தெரியாது. அது பாட்டுக்கு ஈரத்தரையில நாலு எட்டு நடந்துது. ஒரு மூலையில போயி குந்திச்சு. முன்னங்காலைத் தூக்கி விரல விரிச்சு, விரலுக்கு நடுவுல நாக்கை வுட்டு, ஒவ்வொரு இடுக்கா நக்கிச்சு. அப்புறம் அடுத்த காலு. ஒன்ன மாதிரியே சுத்தக்காரிடா அவ. ஒன் சுத்தமும் அவ சுத்தமும் சேந்துதான் அவளைக் கவுத்துடுச்சு.

நானு சோப்புத் தண்ணியில காலு, வவுறு, மயிரு எல்லாம் அலசி, தொடச்சு, சாக்குல சுத்தி, வண்டியேத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வாந்தி எடுக்க வைக்காதன்னு நாலு தடவ சொல்லியனுப்பினேன். உள்ள போறப்ப சுட்டது வெளிய வர்றப்பயும் சுடும். முப்பது வருஷம் மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா குப்பை கொட்டினவன் நானு. ஒங்க அம்மா, அதான் என் அக்கா, என்னைய "மாட்டு டாக்டருக்கு மருந்து கலக்கறவன்"னுதான் கல்யாண வூட்ல அறிமுகப்படுத்துவா. அந்தக் கலக்கல்ல வந்த அறிவுதான் இது.

கேளு. கறுப்பு ஃபினாயில்ல இருக்கறது ஃபீனால் வகையறா. நிலக்கரித் தாரிலேர்ந்து வடிக்கிற சரக்கு. அது எண்ணெய்க்குச் சொந்தக்காரன். தோல்ல பட்டாக்கூட உள்ள பூந்துடும். பூந்தவனை வெளிய தள்ளணுமே, எப்படித் தள்றது? கிட்னி இருக்குதேன்னு நீ சொல்லுவ. கிட்னிங்கறது கொழாத் தண்ணி மாதிரி. தண்ணியில கரையறதைத்தான் அது அடிச்சிக்கினு போவும். எண்ணெய்க் குணம் உள்ளது வந்தா, வடிகட்டின பெறவும் பாதி வழியில திரும்பி ரத்தத்துக்கே போயிடும். தீவாளிக்கு எண்ணெய் தேய்ச்சு வெறுந்தண்ணிய மட்டும் ஊத்திக்கினா எண்ணெய் போவுமா? சீயக்கா வேணும் இல்ல?

அந்தச் சீயக்கா ஈரல்ல இருக்குது. ரெண்டு தினுசு. ஒண்ணு சக்கரையிலேர்ந்து வர்றது, குளுக்குரோனிக் அமிலம்னு பேரு. இன்னொண்ணு கந்தகத்திலேர்ந்து வர்றது, சல்பேட்டு. ரெண்டுல ஒண்ணை ஃபீனாலு தலையில தேய்ச்சுவுட்டா, அவன் எண்ணெய்ப் புத்திய வுட்டுட்டு தண்ணிப் புத்திக்கு வந்துடுவான். அப்புறம் மூத்திரத்தோட மூட்ட கட்டிக்கினு போயிடுவான். ஆனா சீயக்கா தானா தலையில ஏறாது, அரைக்க அம்மி வேணும். அந்த அம்மிக்குத்தான் நொதின்னு பேரு.

பூனை வூட்ல சக்கரை இருக்குது. வேற வேலைக்கு ரெண்டு மூணு அம்மியும் இருக்குது. ஃபீனாலை அரைக்கிற அம்மிதான் இல்ல.

சிரிக்காத. இதைக் கண்டுபுடிச்சவரு அமெரிக்காவுல மைக்கேல் கோர்ட்டுன்னு ஒருத்தரு. ஆமாடா, பேரே கோர்ட்டு. நம்ம கோர்ட்டுல வாய்தா வாங்கற நேரத்துல அவரு 2000-லயே தீர்ப்பு சொல்லிட்டாரு. பூனை மரபணுவுல அந்த நொதிக்கான எடம் இருக்குது, ஆனா எழுத்து பழுதாப் போயிருக்குது. மலைமேல நம்ம தாளகிரீசுவரர் கோயில் அடித்தளத்துல ராஜசிம்ம பல்லவன் வெட்டிவச்ச கிரந்தக் கல்வெட்டு இருக்குது இல்ல? அதை இன்னிக்கும் படிக்கிற ஆளு இருக்கான். 1300 வருஷத்துக் கல்லு எழுத்து படிக்க வருது, பூனை ஈரல்ல அந்த ஒரு வரி மட்டும் யாருக்கும் படிக்க வர மாட்டேங்குது. எழுத்து அங்கங்க தேஞ்சும் ஒடஞ்சும் போச்சு.

ஒன் பூனை மட்டும் இல்ல. 2011-ல இன்னும் வெவரமா ஆராஞ்சாங்க. சிங்கம், புலின்னு அந்தக் குடும்பமே இந்த அம்மிய ஒடச்சுட்டுத்தான் உக்காந்திருக்குது. பூனைக் குடும்பத்துல இல்லாத கழுதப்புலியில ஒரு தினுசும், கடல்ல இருக்கற யானைச் சீல்ல ஒரு தினுசும் அதே கேஸு. எல்லாம் கறியும் மீனும் தின்னே வாழறதுங்க. ஃபீனாலு மாதிரி சரக்கு அதிகமா இருக்கறது செடி கொடியிலதான். பூச்சி கடிக்காம இருக்கச் செடி பண்ணிக்கற தந்திரம் அது. கீரையே திங்காத வூட்ல கீரை மசிக்கிற மத்து எதுக்கு? ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுதுன்னு வுட்டுடும்.

கந்தக அம்மி பூனைக்கு இருக்குது. சின்ன அம்மி. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுன்னா சமாளிக்கும். நீ அரை பாட்டில் சாய்ச்சா கந்தகம் தீந்துபோவும், அம்மி காலி. அப்புறம் சரக்கு ஒடம்பு முழுக்க ஊர்வலம்.

பன்னிக்கு இதுக்கு நேர் தலைகீழு. லண்டன்ல ஆர்.டி. வில்லியம்ஸுன்னு ஒரு பெரிய வாத்தியாரு. இன்ன மிருகம் இன்ன விஷத்த எப்படி மாத்துதுன்னு பாக்கறதே அவரு பொழப்பு. 1947-லயே அதைப் பத்திப் புத்தகம் போட்டவரு. அவரு கூட்டம் 1972-ல ஃபீனாலுக்கு ஒரு கதிரியக்க அடையாளம் ஒட்டி, விதவிதமான மிருகத்துக்குக் குடுத்து, மூத்திரத்தைப் புடிச்சு எண்ணிப் பாத்தாங்க. பன்னி அம்புட்டையும் சக்கரைச் சீயக்காயில தேய்ச்சுத் தள்ளிடுச்சு. கந்தகம் பக்கமே போவல. பூனை சக்கரைப் பக்கம் போவல. எலியும் மனுசனும் ரெண்டையும் வச்சுக்கினு வசதியா இருந்தாங்க. பூனையும் பன்னியும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தா சம்பந்தம் பொருத்தமா இருக்கும்னு எங்க டாக்டரு சொல்லிச் சிரிப்பாரு.

"நாய்க்கு?"ன்னு கேக்கற. நல்ல கேள்வி, எப்பனா ஒண்ணு கேக்கற. நாய்க்கு சக்கரையும் இருக்குது, கந்தகமும் இருக்குது. மூணாவதா ஒரு தினுசு அம்மி உண்டு, அசிட்டைலுன்னு ஒரு சின்னத் துண்டை ஒட்டறது. அது நாய்க்கு அடியோட இல்ல. புண்ணுமேல தூவற சல்பா பவுடரை மனுசன் ஈரலும் மொசலு ஈரலும் அந்த வழியில மாத்தும். நாய் முழிக்கும். அதனால நாய்க்கு சல்பா மருந்து குடுக்கறப்ப டாக்டரு கண்ணை இடுக்கிக்கினு பாப்பாரு.

மனுசனுக்குள்ளயே அந்த அம்மியில வித்தியாசம் உண்டுடா. மெட்ராஸு சேத்துப்பட்டுல 1956-ல காசநோய்க்குன்னு ஒரு ஆராய்ச்சி நெலையம் தொறந்தாங்க. ஆஸ்பத்திரியில படுக்க வைக்காம வூட்ல இருந்தே மாத்திரை முழுங்கினா போதுமான்னு உலகத்துக்குக் காட்டின எடம் அது. அங்க 1960 வாக்குல ஐசோநியாசிட் மாத்திரைய நம்ம சனங்க ஈரல் எவ்ளோ வேகத்துல மாத்துதுன்னு அளந்தாங்க. சில பேரு வெரசாத் தள்றான், சில பேரு மெள்ளத் தள்றான். ஒரே ஊரு, ஒரே சோறு. ஈரல் மட்டும் வேற வேற. அப்புறம் எப்படிடா நீ மனுசன் அளவை வச்சுப் பூனைக்கு மாத்திரை ஒடைப்ப?

ஆமா, அதைப் பத்தியும் கேள்விப்பட்டேன். பூனை சுருண்டு படுத்ததும் காச்சலுன்னு நெனச்சுப் பாரசிட்டமால் பாதிய ஒடச்சுப் பொடி பண்ணி வச்சியாமே. ஒன் பொண்டாட்டி தட்டி வுடலைன்னா அந்த ஏழாவது உசுரும் காலி. பாரசிட்டமாலும் ஃபீனால் வம்சந்தான்டா, பேரு மாத்திக்கினு வந்தவன். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையக் கொன்னுடும். ரத்தம் சாக்லேட்டு நெறத்துக்கு மாறி, மூச்சு இழுத்தும் காத்து ஒட்டாம, மூஞ்சி வீங்கிச் சாவும். பூனை வளக்கறவன் வூட்ல ஒட்டி வைக்க வேண்டிய சேதி இது. ஒன் பிரிட்ஜு கதவுல பீட்சா கடை நம்பரு இருக்குது.

ஃபினாயிலை நான் திட்டறேன்னு நெனைக்காத. அதுக்கு ஒரு பெருமை உண்டு, அதுல மாட்டுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்துல கார்லைல்னு ஒரு ஊரு. சாக்கடைத் தண்ணியில கார்பாலிக் அமிலம், அதான் ஃபீனாலு, கலந்து வயலுக்கு வுட்டாங்க. அந்தப் புல்லை மேஞ்ச மாட்டுக்குப் பூச்சித் தொந்தரவு கொறைஞ்சுதுன்னு சேதி பரவிச்சு. கிளாஸ்கோவுல லிஸ்டர்னு ஒரு டாக்டரு அதைக் கேட்டாரு. மாட்டுக்கு ஆனா மனுசப் புண்ணுக்கு ஆவாதான்னு யோசிச்சாரு. 1865 ஆகஸ்டுல ஒரு 11 வயசுப் பையன் காலுமேல வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு தோலைக் கிழிச்சிக்கினு வெளிய வந்துடுச்சு. அந்தக் காலத்துல அப்படின்னா காலையே வெட்டணும், இல்லாட்டி சீழ் புடிச்சுச் சாவான். இவரு கார்பாலிக் தோய்ச்ச துணியக் கட்டினாரு. ஆறு வாரத்துல பையன் நடந்து போனான். அதுக்கப்புறம் ஊர் ஒலகமே கார்பாலிக்குல குளிக்க ஆரம்பிச்சுது.

குளிச்சா மூத்திரம் கறுக்குமே! கறுத்துது. சில நோயாளிங்களுக்குப் பச்சையும் கறுப்புமா எறங்கிச்சு. ஜெர்மனியில பவ்மன்னு ஒருத்தரு 1876-ல, கார்பாலிக் வச்சுக் கட்டின நோயாளி ஒருத்தன் மூத்திரத்த எடுத்து ஆராஞ்சாரு. ஃபீனாலும் கந்தகமும் கைகோத்துக்கினு கெடந்துது. அந்தக் கந்தகச் சீயக்காய மொதல்ல கண்ணுல பாத்தது அப்பதான். ஊரே மூக்கைப் புடிச்சிக்கினு ஊத்தின குடுவைய ஒருத்தன் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். நானும் முப்பது வருஷம் மாட்டு மூத்திரம் புடிச்சவன், எனக்கு ஒரு பேரும் வரல, லுங்கிதான் நனைஞ்சுது.

இப்ப என் வெள்ளாட்டைப் பாரு. அந்தா, வேலியோரம் ரெண்டு காலுல நின்னுக்கினு எதையோ இழுக்குது. கசப்பு, துவர்ப்பு, முள்ளு எதுவும் அதுக்குக் கணக்கில்ல. அதுவே வேணாம்னு ஒதுக்கின செடிக்கு நம்ம பாட்டன் "ஆடுதின்னாப்பாளை"ன்னு பட்டம் குடுத்தான், இன்னொண்ணுக்கு "ஆடாதொடை"ன்னான். ஆட்டோட ஈரல் வேலைநிறுத்தம் பண்ற எடத்துலதான் செடிக்குப் பேரே வச்சிருக்கான் பாரு. மத்த எல்லாத்தையும் அந்த ஈரலு அரைச்சுத் தள்ளும். குடற்புழு மருந்தைக்கூட செம்மறிய விட வெரசா வெளிய தள்ளிடும். செம்மறிக்குச் சொன்ன அளவை வெள்ளாட்டுக்கு ஊத்தினா பூச்சி சாவாது, சிரிக்கும். ஒண்ணரை, ரெண்டு பங்கு குடுக்கச் சொல்லி டாக்டரு எழுதுவாரு. எங்கிட்டக் கேக்காம "ஆடுன்னா ஆடுதான"ன்னு ஊத்தினவன் எத்தினி பேரு!   

சரி, பூனைக்கதை போவட்டும். நீ ஃபினாயில் ஊத்தறது தை மாசம் வரப்போற புள்ளைக்குத்தான? அப்ப இதையும் கேட்டுக்க. பொறந்த கொழந்தைக்கு ஈரல்ல சக்கரை அம்மி இருக்கும், ஆனா இன்னும் கொத்தாத அம்மி. வழவழன்னு கெடக்கும், அரைக்காது. நாளாவ ஆவத்தான் சொரசொரப்பு வரும். பாதிக் கொழந்தைங்களுக்கு மேல மொத வாரம் மஞ்சளா இருக்கறது அதனாலதான். 1959-ல குளோராம்பெனிகால்னு ஒரு மருந்தைப் பச்சக் கொழந்தைங்களுக்குப் பெரியவங்க கணக்குல குடுத்து, அதுங்க சாம்பல் நெறமாயி செத்துப் போறதைக் கண்டுபுடிச்சாங்க. கிருமியக் கொல்லத்தான் குடுத்தாங்க. கொழந்த அம்மி அரைக்கல, மருந்து உள்ளயே தேங்கிடுச்சு. பொறந்த புள்ள கொஞ்ச நாளைக்குப் பாதிப் பூனைன்னு வச்சுக்க. அது தவழற தரையில நீ ஃபினாயில் பால் கலக்காத.

"பாத்தியா மாமா, இதுக்குத்தான் நம்ம பழங்கால வழி"ன்னு வாயத் தொறக்கறியே, மூடு. பழங்காலத்துக்காரன் எதிர்லதான் குந்தியிருக்கான். சாணி மொழுவினா கிருமி வராதுன்னு நானும் ஊர்ல பேசுவேன். ஆனா சாணியில ரண ஜன்னி வித்து இருக்கும்னு ஆஸ்பத்திரியில மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க. தொப்புள்கொடியில சாணிச் சாம்பல் வச்ச காலத்துல எத்தினி புள்ளைங்க போச்சு. வேப்பெண்ணெய் இருக்குதே, அதுதான் எனக்கே வலிக்கிற கதை. மாட்டுப் புண்ணுக்கு அதைவிட நல்லது இல்ல, இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா மலேசியாவுல நம்ம சனங்க ஊரு வழக்கம் மறக்காம பச்சப் புள்ளைக்குச் சளிக்குன்னு வேப்பெண்ணெயச் சங்குல ஊத்திப் புகட்டினாங்க. வாந்தி, மயக்கம், இழுப்பு, ஈரல் கெட்டுப்போயி ஆஸ்பத்திரியில வந்து வுழுந்துதுங்க. சின்னையா, பாஸ்கரன்னு ரெண்டு டாக்டருங்க 1981-ல லான்செட் பத்திரிகையில எழுதினாங்க. பேத்தி வேப்பேரியில மாட்டு டாக்டருக்குப் படிக்கிறா இல்ல, அவதான் போன்ல காட்டினா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஒன்னைக் கையில வச்சிக்கினு ஒங்க அம்மா சங்கைத் தூக்கினது எனக்கு நெனவு இருக்குது. நீ காலை ஒதச்ச ஒதையில பாதி அவ பொடவையில கொட்டிச்சு. இன்னிக்கி நீ எஞ்சினீரு. அந்த ஒதைக்கு நன்றி சொல்லு.

மஞ்சள் மாத்திரை முழுங்கறியாமே, அதையும் சொல்லிடறேன். மஞ்சள்ல உள்ள சத்தும் ஃபீனால் குணந்தான். நீ முழுங்கினதும் கொடலும் ஈரலும் சேந்து சக்கரைச் சீயக்காய தேய்ச்சு, ரத்தத்துக்குப் போவ வுடாம வெளிய தள்ளிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில 1998-ல சோதிச்சாங்க. கூட மெளகுச் சத்து கொஞ்சம் சேத்தா அது அம்மிமேல ஏறிக் குந்திக்குது, அரைக்க வுடாது. எலிக்கு ரத்தத்துல சேர்ற மஞ்சள் 154 சதவீதம் கூடிச்சு. மனுசனுக்கு 2000 சதவீதம். பாட்டில்காரன் அந்த 2000-ஐ மட்டும் பெருசா அச்சடிச்சிக்கினான். மொதல்ல ஏறக்கொறைய ஒண்ணும் சேரலைங்கறதை அவன் அச்சடிக்கல. கடுகளவு சரக்கு இருவது பங்கு ஆனாலும் எம்மாந்துண்டு வரும்? அம்மிமேல மெளகு குந்தியிருக்கறப்ப நீ வேற மாத்திரை முழுங்கினா அதுவும் அரைபடாம தேங்கும், அதைப் பத்தியும் மூச்சு வுடல. பால்ல ஒரு சிட்டிகை மஞ்சளும் நாலு மெளகும் தட்டிப் போட்டு ஒங்க பாட்டி குடுத்தப்ப பில்லு குடுக்கல. அதனால ஒனக்கு நம்பிக்கை வரல.

இன்னா பண்றதுன்னு கேக்கற, சொல்றேன். தரைக்குச் சோப்புத் தண்ணி போதும். ஃபினாயில் ஊத்தியே தீரணும்னு கை அரிச்சா பாட்டில்ல போட்ட அளவை ஊத்து, கக்கூஸோட நிறுத்து, நல்ல தண்ணியில ஒருவாட்டி அலசு, காயற வரைக்கும் கதவைச் சாத்து. வெள்ளை ஃபினாயில் நல்லவன்னு ஏமாறாத. பெரும்பாலும் பைன் மரத்து எண்ணெயில செய்யறான், பூனைக்கு அதுவும் ஆவாது. தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெளுக்கற அந்த மருந்து, சொரண்டிக்கினா புண்ணுல போடறியே, குளோரோசைலெனால், அதோட வாலு எழுத்தப் பாரு, "னால்"னு முடியுது. அதுவும் அதே வம்சம். பூனை புண்ணுமேல அதை வைக்காத.

ஞாயித்துக்கிழம வா. கறிக்கடையில ஆட்டு ஈரல் சொல்லி வச்சிருக்கேன். பித்தப்பை ஒடையாம எடுக்கச் சொல்லணும். போன வாட்டி ஒடச்சுட்டான், கொழம்பு முழுக்கக் கசந்து ஒங்க அத்தை ரெண்டு நாளு பேசல. ஒன் பூனையும் கூட்டிக்கினு வா, ஓரமா ஒரு துண்டு வேக வச்சு வைக்கிறேன். எல்லாத்தையும் அரைக்கிற ஈரல, அரைக்கத் தெரியாதவ தின்னுட்டு மீசைய நக்கிக்கினு போவட்டும்.

எழுந்துக்கறதுக்கு முன்னாடி அந்த பக்கெட்டை எங்க வச்சிருக்க சொல்லு. கெணத்தடியிலயா? ஓடுறா, என் ஆடு அந்தப் பக்கமாத்தான் போயிருக்குது!